ஞாயிற்றுக்கிழமைச் சைவம்

செப்டம்பர் 19, வியாழன்

பீங்கான் வேலை படிக்க, பிரான்ஸில் இருக்கும் லிமோஜ் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்துக்கு வீட்டுக்காரர்கள் இருவருமே வந்திருந்தார்கள். பெர்னார் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மிரேய் நூலகத்தில் வேலை பார்க்கிறார். என் பெட்டியைத் தூக்கக் குனிந்த பெர்னாரின் கையை மிரேய் தட்டிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டார். முப்பது கிலோ. எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாடி அறை எனக்கு. ஜன்னலுக்குக் கீழே தோட்டம். வெங்காயத்தாள் போல, ஆனால் மணிக்கட்டு அளவு தடித்த ஒன்று வரிசையாக நிற்கிறது. புவாரோ என்றார் பெர்னார். குப்பைக்கு மூன்று தொட்டிகள், மூன்று நிறம். வாரநாட்களில் என் சமையல் என் பாடு. ஞாயிறு மதியம் மட்டும் அவர்களோடு சாப்பிட வேண்டும். "இது சலுகை இல்லை, விதி. இந்த அறையில இருந்த எல்லாரும் அப்படித்தான்" என்றார் மிரேய்.

அம்மா ஃபோனில் முதலில் கேட்டது: "கவுச்சி எதுவும் வாயில வைக்கலையே?" விசா கிடைத்தால் புரட்டாசி முழுக்க நான் விரதம் இருப்பேன் என்று என்னைக் கேட்காமலே பெருமாளிடம் வேண்டிக்கொண்டவள் அவள். கறிக்கடைக்காரர் வீட்டில் புரட்டாசி விரதம். "நம்ம கடையில நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமாக்கும்" என்றார் அப்பா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. அது நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு. அதன் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

அப்பா எங்கே என்று கேட்டேன். கடையில் இருக்கிறார் என்றாள் அம்மா. லால்குடியில் அப்போது இரவு பத்தரை.

செப்டம்பர் 22, ஞாயிறு

முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். தட்டு பெரியது, காலியாக இருந்தது. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைக்கிறார்கள். கையை மடியில் வைத்திருந்தேன். "கை மேசை மேல இருக்கட்டும், இல்லேன்னா எதையோ மறைக்கிறீங்கன்னு நினைப்பாங்க" என்று பெர்னார் சிரித்தார். முதலில் துருவிய கேரட். அதுதான் சாப்பாடு என்று நினைத்து மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

பிறகு கோழி வந்தது. முழுசாக, தோல் பொன்னிறமாக முறுகி, அடியில் உருளைக்கிழங்கு கொழுப்பில் மினுங்கிக்கொண்டு. வாயில் நீர் ஊறியது உண்மை. பெர்னார் கால் பகுதியை அறுத்து என் தட்டுக்கு நீட்டினார்.

"எனக்கு வேண்டாம், நான் கறி சாப்பிடுவதில்லை" என்றேன். அடுத்த வாக்கியம் 'இந்த மாதம் மட்டும்' என்பது. மனசுக்குள் சரியாக அடுக்கித்தான் வைத்திருந்தேன். அதற்குள் மிரேய் எழுந்துவிட்டார்.

"அட கடவுளே, நான் கேட்டிருக்கணும். வீட்டுலயும் யாரும் சாப்பிடறது இல்லையா?"

அவர் முகத்தில் அவ்வளவு பதற்றம். என் அப்பா லால்குடி கடைத்தெருவில் தினம் இரண்டு ஆடு உரிக்கிறவர் என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? "இல்லை" என்றேன். ஒரே ஒரு சொல்தான் சொன்னேன்.

முட்டையாவது போடட்டுமா என்றார். புரட்டாசியில் அதுவும் ஆகாது. உருளைக்கிழங்கில் கோழிக் கொழுப்பு. கடைசியில் கேரட், ரொட்டி, சாலட் இலைகள், பாலாடைக்கட்டி, ஆப்பிள் என்று என் சாப்பாடு முடிந்தது. மேசையை விட்டு எழும்போது மூன்று மணி. பெர்னார் மட்டும் உற்சாகமாக இருந்தார். "பரவாயில்லை, அவளோட காலும் எனக்கு" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். மிரேய் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வெள்ளைச் சட்டையை ஜீன்ஸோடு போட்டுத் துவைத்துவிட்டேன். நீலமாகிவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மிரேய் நூலகத்திலிருந்து சைவச் சமையல் புத்தகங்கள் நான்கு கொண்டு வந்திருக்கிறார். இன்று பச்சைப் பருப்பும் காளானும். மூன்று தட்டிலும் அதேதான்.

பெர்னார் தன் தட்டை முள்கரண்டியால் கிளறிப் பார்த்தார். "கறி கீழ ஒளிஞ்சிருக்கா?"

"விருந்தாளி முன்னால நீ மட்டும் கறி வைச்சுக்கிட்டு உட்காருவியா? ஒரே மேசையில ரெண்டு சமையலா?" என்றார் மிரேய்.

பெர்னார் என்னைப் பார்த்தார், தலையை லேசாகக் குனிந்து வணங்குவதுபோல் செய்தார், சாப்பிட்டார். நான் தலை நிமிராமல் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். பழம் வருவதற்கு முன்பு ஒரு சிறிய டப்பாவிலிருந்து அவர் மாத்திரைகள் எடுத்துப் போட்டுக்கொண்டதைக் கவனித்தேன். நாலைந்து இருக்கும்.

விரதம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

கத்தரிக்காய். நன்றாகவே இருந்தது. கல்லூரியில் நான் வார்த்த முதல் பீங்கான் தட்டு சூளையில் வளைந்துவிட்டது. அவசரமாக உலர்த்தியதுதான் காரணமாம்.

அக்டோபர் 18, வெள்ளி

புரட்டாசி முடிந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா கணக்கில் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை.

இந்த ஊரில் கசாப்புக்காரர்களுக்கென்றே ஒரு பழைய தெரு இருக்கிறது. இன்று அங்கே திருவிழா. தெரு முழுக்க அடுப்பு, புகை, கூட்டம். குடல், ஈரல், கால். ஆட்டு இரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைத்து, துண்டு போட்டு வாணலியில் வறுத்துக் கொடுத்தார்கள். வெங்காயமும் தேங்காயும்தான் இல்லை, மற்றபடி அம்மா ஞாயிறு காலையில் செய்கிற இரத்தப் பொரியலேதான். நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டேன். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. கொஞ்சம் தள்ளி நகரப் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் சீருடையோடு கூட்டமாக நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பாடினார்கள்.

அந்தத் தெருவிலேயே கசாப்புக்காரர்களின் சின்னத் தேவாலயம். அங்கே ஒரு சிலை. மாதாவின் கையில் இருக்கும் குழந்தை இயேசு எதையோ தின்கிறது. பழம் என்று நினைத்தேன். ஆட்டுச் சிறுநீரகம் என்றார் பக்கத்தில் நின்றவர். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி, அப்பாவிடம் காட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சொல்லப் போனேன். மேசையில் சொல்ல வெட்கமாக இருந்ததால் முதலில் சமையலறைக்குப் போனேன். மிரேய் பூசணியின் மேல் பாலாடைக்கட்டி துருவிக்கொண்டிருந்தார். விரதம், மாதம், அப்பாவின் கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் துருவுவதை நிறுத்தவில்லை. காலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. மன்னிச்சிருங்க, நான்..."

"சொல்லாதீங்க."

ஜூன் மாதத்தில் பெர்னார் தோட்டத்தில் விழுந்தாராம். இதயத்துக்குப் போகும் குழாய் இரண்டில் அடைப்பு. கறியையும் வெண்ணெயையும் விடாவிட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை வந்து சேரமாட்டீர்கள் என்றிருக்கிறார் மருத்துவர். பெர்னார் என்ன செய்தார்? திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லிப் பன்றித் தொத்திறைச்சி வாங்கினார்.

"முப்பத்தெட்டு வருஷமா நான் சொல்லி அவர் எதையும் கேட்டதில்லை. ஆனா விருந்தாளி முன்னால மரியாதை தெரிஞ்ச மனுஷன். நீங்க அன்னிக்கு 'வேண்டாம்'னு சொன்னப்போ எனக்கு ஒரு யோசனை வந்துது. இப்ப வார நாள்லயும் மிச்சத்தைச் சூடு பண்ணிக் கொடுத்துடறேன். ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கார். மார்ச் மாசம் பரிசோதனை. அதுவரைக்கும்."

"அது பொய்யில்லையா?"

"இல்ல," என்றார் மிரேய், பூசணியை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே. "உண்மையைக் கொஞ்சம் தாமதமா சொல்றோம்."

மேசையில் பெர்னார் என் தட்டில் பூசணியைப் பரிமாறும்போது என்னைக் கூர்ந்து பார்த்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று தோன்றியது. "பசியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் சாப்பிட்டார். ஒரு கேலியும் இல்லாமல், அதுவும் முழுசாக. ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மாவிடம் பேசினேன். கறி வியாபாரம் மும்முரம், இன்று மட்டும் அப்பா உண்மையிலேயே கடையில் இருந்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

வாரநாட்களில் கல்லூரி உணவகத்தில் கறி சாப்பிடுகிறேன். ஞாயிறுகளில் சைவம். இதற்குப் பழகிவிட்டேன் என்பதுதான் ஆச்சரியம்.

இன்று புவாரோவும் உருளைக்கிழங்கும் சூப். மழையில் நனைந்துகொண்டு பெர்னாரே பிடுங்கி வந்தார். "மாடு தின்கிறதை நான் தின்கிறேன். இடையில மாடு மட்டும் இல்லை" என்றார். மிரேய் சிரிக்காமல் இருக்கக் குனிந்துகொண்டார்.

சாலட் இலையைக் கத்தியால் வெட்டப் போனேன். மடித்துத்தான் சாப்பிட வேண்டுமாம். மடித்தேன். அது முள்கரண்டியில் விரிந்து என் மூக்கில் எண்ணெய் அடித்தது.

"உங்க அப்பா என்ன பண்றார்?" என்று திடீரென்று கேட்டார் பெர்னார்.

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"உணவு... சம்பந்தமா."

"காய்கறியா?"

மிரேய் பாலாடைக்கட்டிப் பலகையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். "முதல்ல நீங்க எடுங்க" என்றார் என்னிடம். பலகை மேசையை ஒரு சுற்றுதான் வரும், இரண்டாம் தடவை கேட்பது வழக்கமில்லை என்பதால் எல்லாரும் அதில் கவனமாகிவிட்டோம். தப்பித்தேன். அப்பாவை மறைத்துத் தப்பித்தேன் என்பது மாடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது.  

டிசம்பர் 8, ஞாயிறு

பெர்னாருக்குச் சளி. படுக்கைக்கே சூப் கொண்டுபோனோம். மேசையில் நானும் மிரேயும் மட்டும். அவர் இல்லாதபோது ஏன் இந்தக் காலிஃபிளவரைத் தின்கிறோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிச் சிரித்தோம். அடுப்பில் வேறெதுவும் இல்லாததால் தின்றோம்.

டிசம்பர் 25, புதன்

பெரிய பிசகு செய்துவிட்டேன்.

மகள் தெல்ஃபீனும் மருமகன் திபோவும் வந்திருந்தார்கள். திபோவின் பெற்றோருக்குப் பண்ணை இருக்கிறது. அங்கிருந்து ஒரு முழு ஆட்டுத் தொடை. வேண்டாம் என்று மிரேயால் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டில் கறியை அறுப்பவர் எப்போதும் பெர்னார். இன்று தொடை வெந்து மேசைக்கு வந்ததும் மிரேய் கத்தியைத் திபோவிடம் கொடுத்தார்.

திபோ கணினி வேலை செய்கிறவர். தொடையின் தடித்த பக்கத்தில் கத்தியை வைத்து ரம்பம் போல இழுத்தார். எலும்பில் கீறியது. திருப்பி வைத்து மறுபடி இழுத்தார். சதை நார் நாராகக் கிழிந்தது.  நல்ல ஆடு. ஒரு வயதுகூட ஆகியிருக்காது.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "கொடுங்க" என்று கத்தியை வாங்கினேன். தொடையைப் புரட்டினேன், கட்டைவிரலால் மூட்டைத் தடவிக் கண்டுபிடித்தேன், முனையை உள்ளே விட்டு லேசாக அழுத்தினேன். முழங்கால் தனியாக வந்தது. பிறகு எலும்பை ஒட்டி ஒரே ஓட்டம். துண்டுகள் ஒரே கனத்தில் தட்டில் சாய்ந்தன. கத்தியை இடுப்போரம் துடைக்கப் போய், நான் போட்டிருப்பது கடையில் கட்டிக்கொள்கிற அப்பாவின் லுங்கித் துணி இல்லை, பட்டுப் பாவாடை என்று நினைவு வந்து நிமிர்ந்தேன்.

எல்லார் கண்ணும் என் கை மேலேயே இருந்தது.

"சைவம்னு சொன்னீங்களே அம்மா?" என்றாள் தெல்ஃபீன்.

மிரேயின் முகம் வெளுத்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெர்னார் சொன்னார்: "மூணு மாசமா இந்த வீட்டுப் பூசணிக்காயை வெட்டறா. அதை வெட்டத் தெரிஞ்சா எதையும் வெட்டலாம். திபோ, கத்துக்கோ. உன் தட்டை நீட்டு."

எல்லாரும் சிரித்தார்கள், விஷயம் அதோடு போயிற்று. பெர்னார் எனக்காக ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியவில்லை. நல்ல மனிதர், அவ்வளவுதான்.

அவர் ஒரு துண்டு வாங்கினார். பேச்சுக்கு நடுவே அதை மகள் தட்டுக்கு மாற்றிவிட்டார். அடியிலிருந்த வெள்ளை மொச்சையை மட்டும் தின்றார். நான் அறுத்த கறியில் ஒரு துண்டுகூட நான் தின்னவில்லை. அதன் வாசனை கையில் இன்னும் இருக்கிறது. சோப்பு போடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவிடம் கிறிஸ்துமஸ் தொடையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்லி என்ன செய்வது?

பெர்னார் இன்று என்னை முதன்முதலாக 'நீ' என்றார். மிரேயும் அதைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் 'நீங்க'தான். வாய் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பனி. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. சாலட் இல்லாமல் சாப்பிட்டோம். மிரேய்க்கு அது பெரிய குறையாக இருந்தது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

பெர்னாரின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மருத்துவர் எழுந்து நின்று கை குலுக்கினாராம். மிரேய் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கட்டிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அசையாமல் நின்றேன்.

"இப்ப சொல்லிடலாமா?" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா, நாம அவரை முட்டாளாக்கிட்டோம்னு நினைப்பார். அந்தக் கோபத்துலயே மறுபடி தின்ன ஆரம்பிச்சுடுவார். வேண்டாம்மா. நீ போன அப்புறமும் இது இப்படியே இருக்கணும்."

ஏப்ரல் முதல் எனக்குப் பயிற்சி வேறு ஊரில். பீங்கான் ஆலை. இங்கே இன்னும் மூன்று ஞாயிறு. நான் போன பிறகு விருந்தாளி என்று யாரும் இல்லாத மேசையில் அவர் எதற்காகப் பூசணி தின்னப் போகிறார்? இதை மிரேயிடம் கேட்கவில்லை. அவருக்கும் அதே கேள்விதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, சனி

காலையில் பெர்னார் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு என்னையும் கூப்பிட்டார். முட்டைக்கோஸ், வெள்ளை முள்ளங்கி. அப்புறம் சந்தையின் பின்பக்கம் கூட்டிப்போனார். கோழி சுடுகிற வண்டி அங்கேதான் நிற்கும். கம்பியில் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. கீழே உருளைக்கிழங்கின் மேல் கொழுப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கால் வாங்கினார். காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"தின்னு. நான் பார்த்துக்கிறேன், அவ இந்தப் பக்கம் வரமாட்டா."

கை நீளவில்லை எனக்கு.

"அக்டோபர்ல அந்த இரத்தத் துண்டு நல்லா இருந்துச்சா? ரெண்டு தட்டு தின்னியே."

"நீங்க எங்க..."

"பழைய சிநேகிதர்களோட நின்னேன், எங்க பஸ் ஓட்டுற பசங்க. நானும் ஒரு தட்டு தின்னேன். அதுதான் கடைசி." முள்ளங்கியைக் கூடையில் சரியாக அடுக்கினார். "ரெண்டு நாள் கழிச்சு நீ என் மேசையில உட்கார்ந்து பூசணியை அவ்வளவு ஆசையா தின்கிறே. பக்கத்துல என் பெண்டாட்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறா. மருத்துவர் சொன்னா நம்ப மாட்டேன், அவங்க எல்லாருக்கும் அதையேதான் சொல்றாங்க. ஆனா ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து எனக்காகப் பொய் சொல்றாங்கன்னா, விஷயம் கொஞ்சம் பெரிசுதான்னு தோணிச்சு."

"அப்ப ஏன் மிரேய்கிட்ட சொல்லல?"

"முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா என்னை ஜெயிச்சிருக்கா. அதை எதுக்குக் கெடுக்கணும்? ஆறுது, தின்னு."

தின்றேன். தோல் மொறுமொறுவென்று, உள்ளே சாறோடு. வண்டிக்காரர் அவரையும் பார்த்து, "உங்களுக்கு?" என்றார். பசிக்கவில்லை என்றார் பெர்னார். முகத்தை மட்டும் புகை வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

எலும்பைக் காகிதத்தில் மடித்தபோது கேட்டார்: "உங்க அப்பா கசாப்புக் கடை வச்சிருக்காரா?"

"ஆமா."

"கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி விரலால மூட்டைத் தேடினே பாரு. அது யாரோ கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுத்தது. அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நான் ஒருத்திதான்."

அவர் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நீரூற்றுல கை கழுவிக்கோ. அவளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

கடைசிச் சாப்பாடு. முட்டைக்கோஸ் அடைத்த பணியாரம் மாதிரி ஒன்று, முள்ளங்கி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் பை. மிரேய் ஒயினைத் தூக்கி, "நம்ம சைவக்காரிக்கு" என்றார். மேசைக்கு அடியில் பெர்னார் என் காலை மெல்ல மிதித்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அறைக்கு அடுத்த மாணவரைத் தேடி விளம்பரம் எழுதியிருக்கிறார் மிரேய். படித்துக் காட்டினார். தோட்டம் உண்டு, அமைதியான தெரு, ஞாயிறு மதியச் சாப்பாடு கட்டாயம். சைவமாக இருந்தால் நல்லது.

"பாவம், யாரோ என்னமோ" என்றார் பெர்னார். "சரி, எழுதிக்கோ. எனக்கும் இனிமே பழக்கத்தை மாத்த முடியாது." கேட்காமலே இன்னொரு கரண்டி முட்டைக்கோஸ் எடுத்துப் போட்டுக்கொண்டார். மிரேய் தன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவர் ஜெயித்துவிட்டார்.

மாடிக்கு வந்து பெட்டி அடுக்கினேன். அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஃபோனைக் கொடு என்றேன். கடையில் இருக்கிறார் என்றாள்.

"பக்கத்துலதான் இருக்காருன்னு எனக்குத் தெரியும்மா. குடு."

ஃபோன் கை மாறுகிற சத்தம். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "ம்... அங்க கறியெல்லாம் கிடைக்குதா?" என்றார். ஆறு மாதமாக யோசித்து வைத்த கேள்வி போலிருந்தது.

"கிடைக்குதுப்பா. நேத்துகூடக் கோழிக்கால் சாப்பிட்டேன்."

"கோழியெல்லாம் ஒரு கறியா?"

"கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆட்டுத் தொடை வெட்டினேன்பா. வீட்டுக்காரங்களுக்கு. எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

 இணைப்பு அறுந்துவிட்டதா என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எலும்புல வெச்சியா, மூட்டுல வெச்சியா?"

"மூட்டுல."

"தேடிட்டு வெச்சியா?"

"கட்டைவிரல்ல தேடிட்டுத்தான்பா."

"ம்" என்றார் அப்பா. ஃபோன் மறுபடி அம்மாவிடம் போனது.

"என்னடி சொன்ன அவருகிட்ட?" என்றாள் அவள். "எழுந்து வாசலுக்குப் போயி எதுத்த வீட்டுக்காரரக் கூப்புட்டு, 'எம் பொண்ணு'ன்னு என்னமோ சொல்லிக்கிட்டு இருக்காரு."